யோகேஸ்வரி ருசி பார்க்காத சோறு

சிங்கப்பூருக்குப் பக்கத்து ஊரான ஸ்கூடாயில் சுவாவின் சிக்கன் ரைஸ் கடைக்கு வழி கேட்டால் யாரும் தெருப் பெயர் சொல்ல மாட்டார்கள். “பத்து மணிக்குப் போங்க, எங்க வரிசை நிக்குதோ அதான் கடை” என்பார்கள். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள், சிங்கப்பூரில் இரவு ஷிப்டு முடித்துவிட்டு அரைத் தூக்கத்தில் வருகிறவர்கள், காரை நடுரோட்டில் நிறுத்தி விளக்கை மினுக்கவிட்டு ஓடிவருகிறவர்கள் என்று எல்லாரும் அந்த வரிசையில் நிற்பார்கள். அந்தக் கார்களுக்குச் சமன் எழுத வேண்டிய போலீஸ்காரரும் அதே வரிசையில்தான் நிற்பார். அபராதச் சீட்டுப் புத்தகம் சட்டைப் பையில் பத்திரமாக இருக்கும்.

இந்தக் கூட்டத்துக்குச் சோறு ஆக்குகிறவள் யோகேஸ்வரி. நாற்பத்தொன்பது வயது, கனத்த உடம்பு, ரப்பர் பூட்ஸ், தலையில் வலைத் தொப்பி. சுவா கோழியை அவித்து வெட்டுவார், சோற்றுக்குப் பூண்டு வதக்கிக் கொடுப்பார். சோறும் சூப்பும் மிளகாய்ச் சாறும் அவள் பொறுப்பு. பத்து வருஷமாக அவள் ஆக்கும் சோற்றைத்தான் ஊர் தின்கிறது. அந்தச் சோற்றில் ஒரு பருக்கையைக்கூட அவள் வாயில் வைத்தது கிடையாது.

காரணம் அவள் மகள் பிரேமலா. ஐந்து வயதில் அவளுக்கு டெங்கிக் காய்ச்சல் வந்து, இரத்தத்தில் என்னென்னவோ குறைந்து, ஆஸ்பத்திரியில் டாக்டர் முகத்தைப் பார்க்காமல் பேச ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து யோகேஸ்வரி முருகனிடம் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினாள். பிள்ளையைக் கொடுத்துவிடு, சாகிறவரைக்கும் கவிச்சி தொட மாட்டேன். பிள்ளை பிழைத்துவிட்டது. யோகேஸ்வரி வாயைக் கட்டிவிட்டாள். அதற்கு முன்னால் கோழிக்கால் எலும்பைக்கூட விட்டுவைக்காமல் உறிஞ்சுகிறவள் அவள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிடிக்காததை விட்டுவிட்டு வேண்டுதல் என்று சொல்லிக்கொள்கிற ஆள் இல்லை.

அந்தச் சமயத்தில் அவள் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தாள். மறு வருஷமே தொழிற்சாலையை மூட்டை கட்டி வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கணவரும் ஏறக்குறைய அதே சமயத்தில் மூட்டை கட்டிக்கொண்டு சிரம்பானுக்குப் போய் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அவரைப் பற்றி இங்கே அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. கிடைத்த வேலை சுவாவின் கடையில் தட்டு கழுவுவது. சேர்ந்த அன்று மத்தியானம் சுவா ஒரு தட்டுச் சோறும் தொடைக்கறியும் வைத்து நீட்டினார். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

சுவா சீனர்தான், ஆனால் பெக்கோக்கில் ரப்பர் எஸ்டேட்டுக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகன். பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு அரிசியும் கருவாடும் எடுத்துக் கொடுத்தே தமிழ் பேசக் கற்றுக்கொண்டவர். “சாமி விசயம் விளையாட்டு இல்ல லா,” என்று சொல்லித் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மறுநாள் அவளுக்கென்று ஒரு சிவப்புத் தட்டும் சிவப்புக் குவளையும் வாங்கி வந்தார். கவிச்சித் தட்டுகளோடு சேர்த்துக் கழுவக்கூடாது என்று அவருக்கு அவரே சட்டம் போட்டுக்கொண்டார். இன்றுவரைக்கும் பதினொரு மணிக்கு எதிர்வரிசைச் சைவக் கடையிலிருந்து தவுக்கே வாங்கிவைக்கிற தௌஹூ என்கிற சோயாக்கட்டியும் கீரையும்தான் அவள் சாப்பாடு. முதலாளிக்குத் தவுக்கே என்றுதான் அங்கே பேர்.

தட்டு கழுவியவள் இரண்டே வருஷத்தில் சோற்றுப் பானைக்கு வந்துவிட்டாள், மூக்கை வைத்துக்கொண்டுதான். கோழிக்கொழுப்பில் இஞ்சியும் பூண்டும் வதங்கும்போது எந்த நொடியில் அடுப்பை அணைக்க வேண்டும், பாண்டான் இலை எப்போது தன் வாசத்தை விட்டுக்கொடுத்துவிட்டது, அடிப்பானையில் சோறு பிடிக்கப் போகிறதா இல்லையா, எல்லாம் மூக்கிலேயே தெரிந்துவிடும். உப்பு மட்டும் மூக்குக்குத் தெரியாது. சோறு வேகிற தண்ணீர் கோழி அவிந்த தண்ணீர். ஒருநாள் அதில் இருபது கோழி அவிந்திருக்கும், மறுநாள் முப்பது. கரண்டிக் கணக்கு அங்கே செல்லாது. அதனால் காலை ஒன்பது மணிக்குச் சுவா வந்து ஒரு கரண்டிச் சோற்றை வாயில் போட்டுக் கண்ணை மூடுவார். அவள் கரண்டியைப் பிடித்தபடி நிற்பாள். “போலே!” என்பார். சரி, திறக்கலாம் என்று அர்த்தம். பத்து வருஷமாக அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான் கடை திறந்தது.

புதிதாக வரும் பிள்ளைகள் அவளிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். “அக்கா, இங்க நல்லாருக்குமா?” அவள் பொய் சொல்லத் தெரியாமல், “நான் சாப்பிடறதில்லம்மா” என்பாள். கடைக்காரியே சாப்பிடாத சோறா என்று இரண்டொரு பேர் வரிசையை விட்டுப் போனதும் உண்டு. சுவா தலையில் அடித்துக்கொள்வார்.

கோவிட் வந்து, கடைகள் மூடி, திறந்து, மறுபடி மூடி, ஒருவழியாக நிலைமை சீராகி எல்லாரும் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்ட பிறகு, சுவாவுக்கு அது வந்தது. பத்து நாள் படுத்தார். திரும்பி வந்து பழையபடி கோழி வெட்டினார், சோற்றை வாயில் போட்டுக் கண்ணை மூடி “போலே” என்றார். ஒன்றும் மாறவில்லை என்றுதான் யோகேஸ்வரி தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை, உப்புப் போடப்போன நேரத்தில் அடுப்புக்குக் கேஸ் தோம்பு கொண்டுவந்தவன் கூப்பிட்டான். அவள் போய்ப் பேசிவிட்டு வந்து சோற்றை மூடிவிட்டாள். ஒன்பது மணிக்குச் சுவா வந்து, கரண்டியை வாயில் வைத்து, கண்ணை மூடி, “போலே” என்றார். அதற்குப் பிறகுதான் அவள் மேசையைப் பார்த்தாள். உப்புப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது.

“தவுக்கே, இதுல உப்பே போடல.”

சுவா கரண்டியைப் பார்த்தார், பானையைப் பார்த்தார். கதவு இல்லாத கடையில் எந்தக் கதவைச் சாத்துவது என்று தேடுகிறவர் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தார்.

“மூக்கு போச்சு, நாக்கும் போச்சு,” என்றார் மெல்ல. “காச்சல் வந்ததுல இருந்து. எத தின்னாலும் சுடுதண்ணி மாதிரி இருக்குது.”

யோகேஸ்வரிக்கு முதலில் கோபம்தான் வந்தது. மூன்று மாதமாகக் கண்ணை மூடி நாடகம் ஆடியிருக்கிறார், அவளும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பிறகு அவர் அதே உப்பில்லாத சோற்றை இன்னொரு கரண்டி எடுத்து வாயில் போட்டுப் பார்ப்பதைக் கண்டாள். கோபம் இறங்கிவிட்டது.

“யாருக்கும் சொல்லக்கூடாது,” என்றார். “என் மவனுக்குத் தெரிஞ்சா கடைய மூட வைப்பான். சிங்கப்பூருக்கு வா, எங்கூட இருன்னுதான் தினம் போன். பதினாலாவது மாடி. அங்க உக்காந்து நான் எத பாக்குறது? உன் மவகிட்டயும் சொல்லாத. அந்தப் பொண்ணு வாயில எதுவும் நிக்காது. சாமி மேல சத்தியம் பண்ணு.”

அவர் சொன்னதில் பிரேமலாவைப் பற்றிய பகுதி உண்மை. சத்தியம் என்று கேட்டால் யோகேஸ்வரிக்குத் தெரிந்தது ஒரே சாமிதான். “முருகன் சத்தியமா யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்,” என்றாள். சுவாவின் மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. வீட்டில் அவருக்காக ஒரு வாய் ருசி பார்த்துச் சொல்ல ஆள் கிடையாது. கடையில் ஆள் இருந்தும், அந்த ஆள் வாயைக் கட்டியவள். பக்கத்துத் தேநீர்க் கடை உபைத் பாய் நல்ல மனிதர், ஆனால் சுவாவின் கடை ஹலால் கடை இல்லை என்பதால் பத்து வருஷமாக வாசம் மட்டுமே பிடித்துக்கொண்டிருப்பவர். ஒரு பானையைச் சுற்றி மூன்று பேர், அதில் வாய் வைக்கக்கூடியவர் ஒருத்தரும் இல்லை.

வாடிக்கையாளர்களைக் கேட்கலாமே என்பீர்கள். நம் ஊரில் கேட்டுப் பாருங்கள். கல்லைப் போட்டுக் கொடுத்தாலும் “ஓகே லா” என்பார்கள். பிடிக்காவிட்டால் சொல்லாமல் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

ஆகவே யோகேஸ்வரி வாயைக் கேட்காமல் கையைப் பார்க்க ஆரம்பித்தாள். இதற்கு அவள் தேர்ந்தெடுத்த ஆள் செல்லப்பன். தொழிற்சாலை பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், வெள்ளிக்கிழமை தவிர எல்லா நாளும் முதல் ஆளாக வந்து சுவர் ஓரத்து மேசையில் உட்காருவார். பத்து வருஷத்தில் அவர் மேசைமேல் இருக்கும் கிச்சாப் பாட்டிலை, அந்தக் கறுப்பு உப்புச் சோயா சாற்றை, தொட்டு அவள் பார்த்ததில்லை. தட்டில் வந்ததை அப்படியே சாப்பிடுகிற மனிதர். அவர் பாட்டிலுக்குக் கை நீட்டினால் சோற்றில் உப்புக் குறைவு. சூப்பை முதலில் குடித்தால் உப்பு அதிகம். ஒன்றுமே செய்யாமல் சாப்பிட்டால் சரி. இதைவிட நல்ல தராசு எங்கே கிடைக்கும் என்று அவளுக்கே பெருமையாக இருந்தது.

முதல் நாளே செல்லப்பன் பாட்டிலை எடுத்துச் சோற்றின்மேல் இரண்டு சுற்றுச் சுற்றினார். யோகேஸ்வரி அடுத்த பானைக்கு அரைக் கரண்டி கூட்டினாள். இரண்டு நாள் கழித்து மறுபடி பாட்டில். மறுபடி அரைக் கரண்டி. “அண்ணே, சோறு எப்படி?” என்று பேச்சுவாக்கில் கேட்டாள். “எப்பவும் போலத்தான், தங்கச்சி,” என்றார் அவர், கிச்சாப்பை ஊற்றிக்கொண்டே. வாய் பொய் சொல்லும், கை சொல்லாது என்று அவள் தன் முறையின்மேல் இன்னும் நம்பிக்கை வைத்தாள். இன்னோர் அரைக் கரண்டி.

உபைத் பாய் மட்டும் மிகுந்த சந்தோஷத்தில் இருந்தார். “என்னன்னு தெரியல யோகேஸ்வரி, ஒங்க கடைக்கு வர்ற பசங்க இப்பல்லாம் ரெண்டு ரெண்டு கிளாஸ் ஐஸ் டீ குடிக்கிறாங்க. வெயிலு ஜாஸ்தியா?” என்றார். ஆமாம் பாய், வெயில்தான் என்றாள் அவளும்.

வெயில் அதே வெயில்தான். வரிசைதான் குறைந்தது. முதலில் பேருந்து நிறுத்தம் வரைக்கும் நின்றது மருந்துக்கடை வரைக்கும் சுருங்கியது. பிறகு பதினொரு மணிக்கே காலி மேசை தெரிய ஆரம்பித்தது. போலீஸ்காரர் சமன் எழுதத் தொடங்கிவிட்டார். யாரோ ஒரு மாணவன் போனில் கடையின் படத்தைப் போட்டு, பழைய கை போய்விட்டது என்று எழுத, அது சிங்கப்பூர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. சுவாவின் மகன் வெய் லியாங் போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன், உட்கார்ந்து ஒரு தட்டுச் சாப்பிடுவேன், பழைய ருசி இல்லையென்றால் மாசக் கடைசியோடு கடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னோடு வந்துவிட வேண்டும் என்றான். கெட்ட பிள்ளை இல்லை. அப்பா விழுந்துவிடுவாரோ என்று பயப்படுகிற பிள்ளை. அதனால்தான் அவனிடம் பேசி ஜெயிப்பது கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை காலை செல்லப்பன் வந்து உட்கார்ந்தார். நாளைக்குள் சரிசெய்தாக வேண்டும் என்ற பதற்றத்தில் யோகேஸ்வரி அவர் மேசைக்கே தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அவர் பாட்டிலை எடுத்தார். ஊற்றினார். இன்னும் ஊற்றினார். வெள்ளைச் சோறு கறுத்துவிட்டது.

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. “அண்ணே, ரெண்டரைக் கரண்டி கூட்டிட்டேன். இன்னும் உங்களுக்கு உப்பு பத்தலையா?”

செல்லப்பன் பாட்டிலைக் கீழே வைத்தார். யாராவது கேட்கிறார்களா என்று பார்த்தார். “யோகேஸ்வரி, வெளிய சொல்லாத. எனக்கு நாக்குல ஒண்ணுமே தெரியல. கோவிட்டு வந்து நாலு மாசம் ஆச்சு. உப்பா, புளிப்பா, ஒண்ணும் தெரியல. வீட்டுல சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போவாங்க. கிச்சாப்பு ஊத்துனா கறுப்பா இருக்குல்ல, கண்ணுக்காவது சாப்பிட்ட மாதிரி இருக்கும்னு ஊத்திக்கிறேன்.”

“பின்ன எதுக்கு தினம் வர்றீங்க?”

“எங்க போறது?” என்றார் அவர். “பத்து வருசமா இந்த நேரத்துக்கு இங்கதான உக்காந்திருக்கேன்.”

யோகேஸ்வரி சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. பானைக்குத் திரும்பி வந்து சுவாவிடம் சொன்னாள். நாக்கு செத்த ஒரு மனிதருக்காக நாக்கு செத்த இன்னொரு மனிதரின் கையைப் பார்த்து ஊருக்கே உப்பள்ளிப் போட்டிருக்கிறாள். சுவா கோழி வெட்டும் கட்டைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

“நாளைக்கு அவன் வந்துடுவான்,” என்றார்.

மத்தியானம் கடை ஓய்ந்தபோது பானையில் ஒரு குவியல் சோறு மிஞ்சியிருந்தது. யோகேஸ்வரி கரண்டியில் கொஞ்சம் எடுத்தாள். பதினாலு வருஷம். எவ்வளவு உப்பு என்று ஒரே ஒரு தடவை தெரிந்துகொண்டால் போதும், துப்பிவிடலாம், விழுங்கக்கூட வேண்டாம். அந்தப் பூண்டு வாசம் முகத்தில் அடித்தபோது வாயில் எச்சில் ஊறியது. அதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. கடைக்காகவா, ஆசைக்காகவா என்று அவளாலேயே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஒரு கை வந்து கரண்டியைப் பிடித்தது. சுவா.

“வேணாம்,” என்றார். “கடை போனா போவட்டும். புள்ளைக்காகச் சாமிகிட்ட குடுத்த வார்த்த. அத என் கடைக்காக நீ ஒடைச்சா எனக்குத் தூக்கம் வராது.” கரண்டியை வாங்கிச் சோற்றைத் திரும்பப் பானையில் தட்டினார். “போ. கீரை ஆறுது.”

சிவப்புத் தட்டிலிருந்த கீரையை அவள் ஓரமாக ஒதுக்கி ஒதுக்கி வைத்தாள். அங்கே உட்கார்ந்துதான் அவள் முடிவெடுத்தாள். முருகனிடம் அவள் கொடுத்த வார்த்தை இரண்டு. சாப்பிட மாட்டேன் என்பது ஒன்று, சொல்ல மாட்டேன் என்பது இன்னொன்று. ஏதாவது ஒன்று உடைந்தால்தான் நாளைக்குக் கடை நிற்கும். முதலாவது ஓர் உயிருக்காகக் கொடுத்தது. இரண்டாவது ஒரு மூக்குக்காகக் கொடுத்தது. இரண்டையும் முருகன் ஒரே மாதிரி நினைக்க மாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதே தவிர, பயம் போகவில்லை.

பிரேமலாவுக்கு இப்போது பத்தொன்பது வயது. மூவாரில் ஒரு கல்லூரியில் படிக்கிறாள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி வீட்டுக்கு வருவாள். ஏழு வயதிலிருந்து கல்லூரிக்குப் போகிறவரைக்கும் பள்ளிக்கூடம் விட்டால் அவள் வருகிற இடம் இந்தக் கடைதான். அம்மா வேலை முடிக்கும்வரை மூலை மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு, சுவா அங்கிள் வெட்டிக் கொடுக்கும் தொடைக்கறியோடு ஒரு தட்டுச் சோறு. பத்து வருஷத்துக்கு மேலாகத் தினம் தின்ற வாய். அந்த வாய் அன்றைக்குச் சாயந்திரம் பஸ்ஸில் வந்து இறங்கியது.

யோகேஸ்வரி மகளை நேராகக் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போனாள். தேங்காய் வாங்கினாள். முருகன் முன்னால் நின்று, இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தியத்தை உடைக்கப்போகிறேன், இது அதற்கான சமன், இப்போதே கட்டிவிடுகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். தேங்காயை ஓங்கி அடித்தாள். சரிபாதியாக உடைந்தது. அதை அவள் ரசீது என்று எடுத்துக்கொண்டாள். கோயில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

பிரேமலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அப்புறம் நிறுத்திவிட்டாள். “அலமாக், அம்மா. எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல? இதுக்கா இவ்ளோ நாளா தனியா கஷ்டப்பட்டீங்க?”

“சத்தியம்டி.”

“சரி, சரி. காலைல எத்தன மணிக்கு?”

ஞாயிறு காலை ஆறரைக்கு இரண்டு பேரும் போய் நின்றபோது சுவா இஞ்சி நசுக்கிக்கொண்டிருந்தார். பிரேமலாவைப் பார்த்தார். யோகேஸ்வரியைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

“சொல்லிட்ட,” என்றார்.

“சொல்லிட்டேன், தவுக்கே. முருகனுக்குச் சமன் கட்டிட்டேன். உங்களுக்கு என்னா கட்டணும்னு சொல்லுங்க, கட்டுறேன்.”

சுவா மிச்ச இஞ்சியையும் நசுக்கி முடித்தார். அப்புறம் சின்னப் பானை ஒன்றை எடுத்து அடுப்பில் வைத்து, மூலை மேசையைத் துணியால் துடைத்து, பிரேமலாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

முதல் பானைச் சோற்றை வாயில் வைத்ததும் பிரேமலா முகத்தைச் சுளித்தாள். பழைய பழக்கத்தில் யோகேஸ்வரியின் கை அரைக் கரண்டி கூட்டிவிட்டிருந்தது. இரண்டாவது பானைக்கு, “உப்பு சரிம்மா,” என்றாள். சுவா மூச்சு விட்டார். “ஆனா இது நம்ம சோறு இல்ல. என்னமோ ஒண்ணு இல்ல. முன்னல்லாம் ஸ்கூல் யூனிபார்ம்ல ஒரு வாசம் ஒட்டிக்கிட்டு வீடு வரைக்கும் வரும். அது இல்ல.”

யோகேஸ்வரிக்குச் சட்டென்று புரிந்தது. உண்மையில் அவளுக்கு ஏற்கெனவே தெரியும், சொல்லத்தான் வாய் வரவில்லை. பூண்டு வதக்குவது எப்போதும் சுவாவின் வேலை. மூக்கு போனதிலிருந்து, கருகினால் தெரியாதே என்ற பயத்தில், பூண்டு சிவப்பதற்கு முன்னாலேயே அவர் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தார். தினமும் பூண்டு பச்சையாக இறங்குவதை அவள் மூக்கு கண்டுபிடித்துவிட்டது. தவுக்கேயின் கைக்கு அவள் எப்படிக் குறை சொல்வது என்று, எல்லாப் பழியையும் உப்பின்மேல் போட்டுவிட்டாள்.

“தவுக்கே, நீங்க வதக்குங்க. நான் சொல்றப்ப நிறுத்துங்க,” என்றாள். சுவா கொழுப்பை ஊற்றினார். பூண்டு பொரிந்தது. அவர் கை அடுப்புத் திருகுக்குப் போனது. “இல்ல,” என்றாள் அவள். கை நின்றது. “இன்னும் இல்ல.” அவர் பயத்தோடு அவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். “இப்ப!”

மூன்றாவது பானை இறங்கும்போது மணி எட்டே முக்கால். பிரேமலா ஒரு கரண்டி சாப்பிட்டாள். ஒன்றும் சொல்லாமல் இன்னொரு கரண்டி. பிறகு தட்டை முழுவதும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

“எப்படி இருக்குது?” என்றார் சுவா.

“இதான் அங்கிள். இதேதான்.”

“இதேதான்னா? எப்படின்னு சொல்லு.” அவர் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். “எனக்கு மறந்துபோச்சு லா.”

யோகேஸ்வரியும் பக்கத்தில் வந்து நின்றாள். “எனக்கும் சொல்லுடி,” என்றாள். “எனக்குத் தெரியவே தெரியாது.”

பிரேமலா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்னொரு வாய் எடுத்து, மெதுவாக மென்று, யோசித்து யோசித்துச் சொன்னாள். “மொதல்ல இஞ்சி வருது. காரமா இல்ல, சும்மா எட்டிப் பாத்துட்டுப் போற மாதிரி. அப்புறம் பூண்டு. அது நாக்குல ஒக்காந்துக்குது, போக மாட்டேங்குது. சோறு ஒண்ணோட ஒண்ணு ஒட்டல, ஆனா காயவும் இல்ல. முழுங்குனதுக்கப்புறம் பாண்டான் வாசம் மேல வருது. கடைசியா கொஞ்சூண்டு இனிப்பு. எதுல இருந்துன்னு தெரியல. அதுக்காகத்தான் அடுத்த வாய் எடுக்கத் தோணுது.”

சுவா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நாடகத்துக்கு மூடின கண் இல்லை அது. யோகேஸ்வரி கண்ணை மூடவில்லை. மகள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாய் பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு துளித் தண்ணீர்கூட இறங்காமல் வறண்டு கிடந்த வாய். இன்றைக்கு எவ்வளவு பேச்சுப் பேசுகிறது.

“போலே,” என்றார் சுவா, கண்ணைத் திறக்காமலே.

வெய் லியாங் பத்து மணிக்குச் சொன்னபடி வந்தான். சுவர் ஓரத்தில் செல்லப்பனுக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்தான். சுவா கோழியை வெட்டிக்கொண்டே இருந்தார், மகன் பக்கம் திரும்பவே இல்லை. பார்க்கிற வேலையை யோகேஸ்வரி எடுத்துக்கொண்டாள். அவன் கை கிச்சாப் பாட்டில் பக்கம் போகவில்லை. சூப்புப் பக்கமும் போகவில்லை. கரண்டி மட்டும் போய்ப் போய் வந்தது. நடுவில் ஒருமுறை நிறுத்தினான். அவன் மடியிலிருந்த போனை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி சாப்பிட்டான்.

பிறகு எழுந்து காலித் தட்டோடு கடைக்கு வந்து, அப்பாவிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னான். சுவா தட்டை வாங்கி யோகேஸ்வரியிடம் நீட்டினார்.

“இன்னொரு தட்டு சோறு கேக்குறான்,” என்றார். “மாசக் கடைசிப் பேச்ச வுட்டுட்டான்.” சொல்லிவிட்டுக் கட்டைமேல் இருந்த கோழியைத் தேவையில்லாத வேகத்தில் வெட்டினார்.

அவள் அளவைவிட அதிகமாகவே சோற்றை அள்ளிவைத்தாள். பிரேமலா கோழிக்கொழுப்பு பட்ட கையைக் கழுவிவிட்டு மூவார் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். இனி வருகிறபோதெல்லாம் தான் ருசி பார்க்கச் சின்னப் பானையில் சோறு எடுத்துவைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். சுவா தலையாட்டினார். அவளிடம் சொன்ன பிறகு ஊருக்கே தெரிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். மகனிடம் தானே சொல்லிவிடுகிறேன், இன்றைக்கே, இந்த இரண்டாவது தட்டை முடிக்கட்டும் என்றார்.

வரிசை அதற்குள் மருந்துக்கடையைத் தொட்டிருந்தது. முதலில் நின்ற பெண் புது மாணவி போலிருந்தாள். தோளில் பெரிய பை, கையில் போன். தமிழ்ப் பெண்.

“அக்கா, இங்க நல்லாருக்குமா?”

யோகேஸ்வரி கரண்டியைப் பானைக்குள் விட்டாள். “மொதல்ல இஞ்சி வரும்,” என்றாள். “காரமா இருக்காது. சும்மா எட்டிப் பாத்துட்டுப் போயிரும். அப்புறம் பூண்டு, அது நாக்குலயே ஒக்காந்துக்கும். முழுங்குனப்புறம் பாண்டான் வாசம் வரும். கடைசியா கொஞ்சூண்டு இனிப்பு.”

பின்னால் வெட்டுக்கத்திச் சத்தம் நின்றது.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். “ஆளப் பாத்தாலே தெரியுது. தினமும் சாப்பிடுவீங்களாக்கா?”

“ஒரு வாய்கூடச் சாப்பிட்டதில்லம்மா,” என்றாள் யோகேஸ்வரி, தட்டை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டே. “என் மக சாப்பிட்டிருக்கா.”